அடாப்டர் வரை வந்தது

செப்டம்பர் 15, திங்கள்

அடாப்டர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் ஐந்து பேர். மூன்று பேருக்கு நீல டேக். அவர்கள் நிரந்தர ஊழியர்கள், முடியாது என்று சொல்லலாம், சொன்னார்கள். நானும் சலாவுதீனும் ஆரஞ்சு டேக், அதாவது கான்ட்ராக்ட். சலா இன்று லீவு. ஆக, ஜனநாயக முறையில் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

எங்கள் கம்பெனி அடுத்தவன் நெட்வொர்க்கை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காசு வாங்கும் கம்பெனி. ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதற்குக் கன்சோல் என்று பெயர். பச்சையாக இருந்தால் உலகம் நலம். எங்கேயாவது சிவப்பு வந்தால் பத்துப் பேரைக் கூட்டி, பழி யார் மேல் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் பழுதைப் பார்ப்போம்.

புது வாடிக்கையாளர் வெண்பனி. மருந்துகளுக்கான குளிர்கிடங்குகள் நடத்துகிறார்கள். இன்சுலின், தடுப்பூசி, நாய்க்கடி மருந்து. ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை பதினான்கு ஊர்களில் கிடங்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று வேறொரு கம்பெனியின் ஏஜென்ட்டுகளை அங்கெல்லாம் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. கிடங்கு அலுவலகத்தில் ஒரு பெட்டிக்குள் குடியிருக்கும் சின்ன புரோகிராம். லைன் உயிரோடு இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா, குளிர் அறை குளிராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஆனால் கத்தும்.

சிக்கல், அது கத்துவது அதன் பாஷையில். அதற்கு ஐந்து என்றால் உயிர் போகிற விஷயம், ஒன்று என்றால் சும்மா. எங்கள் கன்சோலுக்கு நேர்மாறு. இரண்டையும் அப்படியே இணைத்தால் கிடங்கு தீப்பிடித்து எரிந்தாலும் எங்கள் சுவர் புன்னகைத்துக்கொண்டிருக்கும். அதனால் நடுவில் ஒரு அடாப்டர். அங்கிருந்து வருவதை வாங்கி, மாற்றி, இங்கே கொடுக்கும். எதை எப்படி மாற்றுவது, எதை விடுவது, எதை விழுங்குவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது, எங்கள் பாஷையில் கான்ஃபிகர் செய்வது, என் வேலை.

பழைய மதராஸில் துரைக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லத் துபாஷி இருந்தான். நடுவில் நின்றே மாளிகை கட்டிக்கொண்டான். எனக்குத் துரைப்பாக்கத்தில் மூன்று பேர் பங்கிடும் ஹாஸ்டல் அறை.

மேனேஜர் ரகுநந்தன் என்னை ஆஞ்சி என்று கூப்பிடுகிறார். அங்கயற்கண்ணி அவர் வாய்க்கு நீளமாம். அவருடைய மெயிலுக்கு அடியில் பதவி மட்டும் நான்கு வரி போகிறது. அது நீளமில்லை.

செப்டம்பர் 17, புதன்

நான் இங்கே வந்து நான்கு வருடம். பதினொரு மாதம் முடிந்ததும் எங்களை வேலையிலிருந்து எடுப்பார்கள். சில நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் வரவேற்பு மெயில் வரும். நான் நான்கு தடவை வரவேற்கப்பட்டவள்.

இந்த வருடம் கான்ட்ராக்ட்டிலிருந்து ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். ஒரே இடம். அக்டோபரில் இண்டர்வியூ. ரகுநந்தன் என் இருக்கைக்கே வந்து குனிந்து சொன்னார், அடாப்டர் நல்லபடியாக முடிந்தால் என் பெயரை முன்னால் தள்ளுவதாக. சலாவின் இருக்கைக்கும் போய்க் குனிந்திருக்கிறார். மத்தியானம் சாப்பிடும்போது தெரிந்தது.

“நமக்குள்ள எதுக்குச் சண்டை, டாஸ் போட்டுருவோமா?” என்றான் சலா.

காசு உன்னுடையதா என்னுடையதா என்று கேட்டேன். கம்பெனி காசு, ரெண்டு பக்கமும் அவங்க தலைதான் இருக்கும் என்றான். நாகூர்க்காரன், வாய் மட்டும் குறைச்சலில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சோதனை நாள். ஒவ்வொரு கிடங்குக்கும் போன் போட்டு, கேபிளை ஒரு நிமிடம் பிடுங்குங்கள், திரும்பச் சொருகுங்கள் என்று சொல்ல வேண்டும். இங்கே சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். படித்த வேலை.

பன்னிரண்டு ஊர்க்காரர்கள் சொன்னதும் பிடுங்கினார்கள். ஒருவர் கரண்ட் கேபிளைப் பிடுங்கிவிட்டார். கோவில்பட்டி மட்டும் பிடுங்க மாட்டேன் என்றது. அங்கே கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ஐகோர்ட் துரை. போன வருடம் சென்னையிலிருந்து யாரோ பிடுங்கச் சொல்லி, பிடுங்கி, ஏன் பிடுங்கினாய் என்று அவருக்கே மெமோ வந்ததாம்.

“வாட்சப்புல ஒரு வரி அனுப்பிருங்கம்மா. ‘நாந்தான் புடுங்கச் சொன்னேன்’னு போட்டா போதும்.”

அனுப்பினேன். அப்புறம்தான் பிடுங்கினார். சிவப்பு வந்தது. ஒரு சந்தோஷம்கூட வந்தது, மறைப்பானேன்.

பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்து ரகுநந்தன் சிரித்தார். ஆள் பெயரிருக்கும் இடத்தில் கோர்ட் பெயரை யார் போட்டது என்றார். அது தெற்கே ஒரு சாமியின் பெயர் என்றேன். இன்னும் சிரித்தார். அவருடைய பெயரும் சாமியின் பெயர்தான். ஆனால் அந்தச் சாமிக்கு நல்ல ஏரியாவில் கோயில் இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

குளிர் அறைச் சோதனைக்காக ஐகோர்ட் துரையிடம் மறுபடி பேச வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, வெப்பம் ஏறி, அங்கே ஐந்தாம் எண் கிளம்பி, இங்கே ஒன்றாம் எண்ணாக மாறி விழும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் ஆள் பேச ஆரம்பித்தார். எந்த ஊர் என்றார். மதுரை. மதுரையில எங்கன? செல்லூர். செல்லூருல எந்தத் தெருவு?

எனக்குத் தெரியும் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று. வெப்பம் எவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஆள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. சும்மா கேட்டேன் தாயி என்றார். எல்லோரும் சும்மாதான் கேட்கிறார்கள்.

சென்னை ஒன்றும் யோக்கியமில்லை. சேர்ந்த புதிதில் ரகுநந்தன் என் டிபன்பாக்ஸைப் பார்த்து, வெஜ்ஜா என்று கேட்டார். இல்லை என்றதும் ஓ, நைஸ் என்றார். அவன் தெருவைக் கேட்கிறான், இவர் சாப்பாட்டைக் கேட்கிறார்.

செப்டம்பர் 26, வெள்ளி

அடாப்டர் ஓடுகிறது. பதினான்கும் பச்சை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக ஓடுகிறது என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆயுத பூஜைக்காக ஒரு மீட்டிங். விளையாட்டில்லை, தலைப்பே அதுதான்.

வெண்பனியின் கிடங்குகளில் ஆயுத பூஜை அன்று அலுவலக மெஷின்களுக்கு ஓய்வு கொடுப்பார்கள். கம்ப்யூட்டர், மோடம், பெட்டி எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமியில்தான் எழுப்புவார்கள். குளிர் அறையை மட்டும் அணைப்பதில்லை; அந்த அளவுக்குச் சாமிக்கும் தெரியும். ஆனால் குளிர் அறையைப் பார்க்கும் ஏஜென்ட் குடியிருப்பது அணைக்கப்படும் அந்தப் பெட்டிக்குள். போன வருடம் பதினான்கும் ஒரே சமயத்தில் செத்துப்போனதாகக் காட்டி, பழைய ஆபரேட்டருக்குப் பைத்தியம் பிடிக்காத குறையாம்.

நேரான வழி ஒன்று இருக்கிறது. இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை ஓய்வு என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால், கன்சோலில் பதிந்துவிடலாம். நேரம் முடிந்ததும் தானாக விழித்துக்கொள்ளும். வெண்பனி எழுதிக் கொடுக்காது. குளிர் அறைகள் ஒரு நொடிகூடக் கண்காணிப்பில்லாமல் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. விதியை மீறலாம், மீறுவதாக எழுதக் கூடாது.

அதனால் ரகுநந்தன் அடாப்டரைக் காட்டினார். அங்கேயே விழுங்கிவிடு என்றார். கன்சோல் வரை வந்தால்தானே கேள்வி? அடாப்டரில் போடும் தடைக்கு முடிவு நேரம் கிடையாது, கையால் போட்டு கையால் எடுக்க வேண்டும் என்றேன். எடுக்க நீ இருக்கிறாயே என்றார். மெயிலில் ஒரு வரி கேட்டேன். “ஆஞ்சி, ஒருத்தரை ஒருத்தர் நம்பலேன்னா டீம் எதுக்கு?” என்றார். அடுத்த வாரம் இண்டர்வியூ போர்டில் அவரும் உட்காருகிறார். கேட்டதையே நான் கேட்காததுபோல் ஆக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தடையைப் போட்டேன். லைன் செத்துப்போனதாக வரும் கத்தலை மட்டும் தனியாகப் பிரித்து விழுங்கச் சொல்லலாம். அதற்குப் பதினான்கு கிடங்கு, ஒவ்வொன்றிலும் நாற்பது வகைக் கத்தல் என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடங்கின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து எது வந்தாலும் விழுங்கு என்று ஒரே வரியில் முடிக்கலாம். இரண்டு நாள் கூத்துக்கு நாற்பது வகை பிரிக்க எனக்கென்ன தலையெழுத்து. அதுவும் எழுத்தில் இல்லாத வேலைக்கு.

மத்தியானம் ஐகோர்ட் துரையே போன் செய்தார். குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போகிறாராம். வருஷா வருஷம் வேஷம் கட்டுவது நேர்த்திக்கடன். இந்த வருடம் கரடி. வியாழக்கிழமை காலையில் பெட்டியை எழுப்பிவிட்டுக் கிளம்பினால் சனிக்கிழமைதான் திரும்புவார். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஆள் சப்ளை ஏஜென்சியின் சூப்பர்வைசர் வாயால் சரி என்று சொல்லிவிட்டார்.

“சாவி வீட்டுக்காரிட்ட இருக்கு. நீங்க ஒரு போன் அடிச்சா அஞ்சு நிமிசத்துல போயிருவா. பாத்துக்கிடுவியள்லா?”

“பார்த்துக்கத்தானே நாங்க இருக்கோம்” என்றேன். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதுதான். சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்கிறது. வீட்டுக்காரியின் நம்பரை அனுப்பிவைத்தார்.

அக்டோபர் 1, புதன்

அலுவலகத்திலும் பூஜை. சர்வர் அறையில் கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் அடித்துவிடும். அதனால் ஒரு மானிட்டரில் தீபாராதனை வீடியோவை ஓடவிட்டு, எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திரையைத் தொட்டு. ரகுநந்தன் பட்டு வேட்டியில் வந்து சர்வருக்குப் பொட்டு வைத்தார். காற்று உறிஞ்சும் துளை மேல் வைக்காதீர்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும்.

பூசணிக்காய் உடைத்தது நீல டேக். வாசலைக் கூட்டியது ஹவுஸ்கீப்பிங் அக்கா. அவர் டேக் என்ன நிறம் என்று இன்றுதான் கவனித்தேன். டேக்கே கிடையாது.

அக்டோபர் 3, வெள்ளி

வெண்பனியின் பெரிய மனிதர்கள் சுவரைப் பார்க்க வந்தார்கள். தடையை எடுத்துவிடட்டுமா என்று காலையில் கேட்டேன். பூஜை முடிந்து ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு நேரத்தில் பெட்டியை எழுப்பும், சிவப்பும் மஞ்சளுமாக மினுக்கும், அவர்கள் முன்னால் வேண்டாம், திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ரகுநந்தன். சரி என்றேன்.

பதினான்கும் பச்சை. சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னையும் ஓரத்தில் நிறுத்தினார்கள். டேக்கைச் சட்டைக்குள் போட்டுக்கொள் என்றார் போட்டோ எடுத்தவர், நிறம் அடிக்கிறதாம்.

அக்டோபர் 6, திங்கள்

கோவில்பட்டி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய் வந்திருக்கிறது. குளிர் அறை கம்ப்ரஸர் திரும்ப ஓடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐகோர்ட் துரை வந்து கதவைத் திறந்தபோது உள்ளே வெளியிலிருக்கும் சூடு. மருந்து மொத்தமும் குப்பை. நாய்க்கடி ஊசி இல்லாமல் மூன்று அரசு ஆஸ்பத்திரிகள் திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றனவாம்.

இதெல்லாம் மெயிலில் இருந்தது. மெயிலைப் படித்து முடித்தேன். தடையை எடுத்தேன். அதன் பிறகுதான் டீ வாங்கப் போனேன்.

ரகுநந்தன் கேட்டது ஒரே கேள்வி: “எடுத்துட்டியா?” எடுத்துவிட்டேன் என்றேன். குட் என்றார். வெள்ளிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து அடாப்டருக்கு ஏதாவது வந்ததா என்று அவர் கேட்கவில்லை. வந்தது. ஐந்தாம் எண், மூன்று தடவை. ஏஜென்ட் சரியாகக் கத்தியிருக்கிறது. அடாப்டரும் சொன்னதைச் செய்திருக்கிறது. இதில் ஒரு மெஷின்கூடத் தப்பு செய்யவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஐகோர்ட் துரை பேசினார். இடைநீக்கம் செய்துவிட்டார்களாம். லீவே தரவில்லை என்கிறாராம் சூப்பர்வைசர். அடுத்த திங்கட்கிழமை வீடியோவில் விசாரணை.

“ஏன் தாயி, மணி அடிக்கலயா?”

கன்சோலில் ஒன்றும் வரவில்லை என்றேன். பெட்டி செத்திருக்குமோ, நான் எழுப்பிட்டுத்தானே போனேன், பச்சை லைட்டைப் பார்த்தேனே என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பார்த்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னதை மட்டும் விசாரணையில் சொன்னால் போதும் என்றார். பதினாறு வருடமாக இந்த வேலைதானாம், வேறொன்றும் தெரியாதாம்.

பாவம்தான். ஆனால் தெருவைக் கேட்ட ஆள்.

அக்டோபர் 9, வியாழன்

இண்டர்வியூ. நான்கு பேர் போர்டு. அடாப்டரைப் பற்றியே முக்கால்வாசி நேரம். விளக்கினேன். வாடிக்கையாளரிடம் பேசும் அளவுக்கு ஆங்கிலம் சுத்தமாக இருக்கிறது என்றார் ஒரு அம்மா. மாநகராட்சிப் பள்ளி என்று பயோடேட்டாவில் பார்த்துவிட்டு, நம்ப முடியவில்லை என்று வேறு சொன்னார். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னார்.

கோவில்பட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியில் ரகுநந்தன் மட்டும், நெருக்கடியில் நிதானம் இழக்காத பெண் என்று சேர்த்துக்கொண்டார். எந்த நெருக்கடி என்று மற்றவர்கள் கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

விசாரணை. நடந்தபடியே எழுதிவைக்கிறேன், பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

வெண்பனியில் புனேயிலிருந்து தணிக்கை அதிகாரி, குல்கர்னி என்று ஒரு அம்மா. அவர் திரையில் ஒரு கட்டத்தில். ஐகோர்ட் துரை இன்னொரு கட்டத்தில். நான் முதன்முதலாக முகத்தைப் பார்க்கிறேன். நாற்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். போனை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். ஓரத்தில் வளையல் கை அடிக்கடி தெரிந்தது. எங்கள் பக்கம் ரகுநந்தன், நான், மூலையில் குறிப்பெடுக்கச் சலா.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஐகோர்ட் துரைக்கு ஆங்கிலம் தெரியாது. ரகுநந்தன் தானே மொழிபெயர்ப்பதாகச் சொன்னார்.

முதல் ஸ்லைடு கரடி. ஐகோர்ட் துரையின் வாட்சப் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்தது. கறுப்பு ரோம உடை, கையில் உண்டியல். மருந்து கெட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானம் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரம். அதிகாரி புன்னகையை அடக்கிக்கொண்டார். ரகுநந்தன் அடக்கவில்லை.

ஐகோர்ட் துரை எழுந்து நின்று பேசினார். வீடியோவில் எழுந்து நின்றால் வயிறுதான் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக அம்மனுக்கு நேர்ந்துகொண்டது, எட்டு வருடமாகக் கட்டுகிறேன், சூப்பர்வைசரிடம் சொன்னேன், சென்னையில் சொன்னேன், சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன் என்று நீளமாகச் சொன்னார். ஏதோ உள்ளூர்த் திருவிழாவாம் என்று ரகுநந்தன் ஆங்கிலத்தில் முடித்துவிட்டார்.

பிறகு அதிகாரி என்னிடம், வெள்ளிக்கிழமை கன்சோலில் கோவில்பட்டி எச்சரிக்கை ஏதும் வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

ரகுநந்தன் அடுத்த ஸ்லைடுக்குப் போகப் போனார். அப்போது ஐகோர்ட் துரை கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

“வேற எங்கயாச்சும் வந்துதா தாயி? அதச் சொல்லுங்க.”

ரகுநந்தன் என்னைப் பார்க்கவில்லை, ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். எல்லோர் முன்னாலும், தெளிவாக.

“கன்சோலுக்கு வரலைங்க. அடாப்டர் வரைக்கும் வந்துச்சு. மூணு தடவை வந்துச்சு. அங்கேயே நின்னுடுச்சு. நாங்கதான் நிறுத்தி வச்சிருந்தோம்.”

ஐகோர்ட் துரை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார், மாறிப்போன முகம் திரையில் தெரிந்தது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நான் என்ன சொன்னேன் என்று அதிகாரி கேட்டார். நடுவில் ஒரு அடாப்டர் இருக்கிறது, அதன் வேலையை அவருக்கு விளக்குகிறாள், கன்சோலுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பதை மறுபடி உறுதி செய்கிறாள் என்று ரகுநந்தன் ஆங்கிலத்தில் சொன்னார். குரல்கூட மாறவில்லை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். என்னைப் பார்த்து, தேங்க் யூ, வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறாயா என்று கேட்டார்.

நோ மேம் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், சேர்க்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 14, செவ்வாய்

சலா என்னோடு சாப்பிட உட்காரவில்லை. சாயங்காலம் லிஃப்ட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டான்.

“இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டிருக்கலாமே. இண்டர்வியூல பொளந்து கட்டினியாம்.”

கேள்வி தமிழில் வந்தது, பதில் தமிழில் போனது என்றேன்.

“நல்லா கான்ஃபிகர் பண்ற” என்றான்.

நீ அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாய், உனக்கும் ஆங்கிலம் தெரியும், நீ சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கீழே வந்ததும் வேறு பக்கமாகப் போனான். அவனும் அந்த ஒரு இடத்துக்கு இண்டர்வியூ கொடுத்தவன்தான் என்பதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

அக்டோபர் 15, புதன்

குல்கர்னி அம்மாவுக்கு ஒரு மெயில் எழுதினேன். நான்கு பத்தி. எந்த நாள், எந்த நேரம், யார் சொல்லி, என்ன தடை என்று எல்லாம் இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது. டிராஃப்டில் வைத்திருக்கிறேன். கோபத்தில் இருக்கும்போது மெயில் அனுப்பக் கூடாது என்பார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

எனக்குத்தான் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல். ஐந்தாவது தடவையாக வரவேற்பு மெயில், இந்தத் தடவை என் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள். கான்ட்ராக்ட் என்றால் என்ன என்று நான்கு வருடமாக அவளுக்குப் புரியவே இல்லை. பெர்மனன்ட் என்றால் உடனே புரிகிறது.

டிராஃப்டை அழிக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஹாஸ்டலில் நானும் வார்டனும்தான். நல்ல மழை.

அக்டோபர் 22, புதன்

ஐகோர்ட் துரையை நேற்று வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதை அலுவலகம் எனக்குச் சொல்லவில்லை. அவரே சொன்னார். தெரியாத நம்பராக இருந்ததால் எடுத்துவிட்டேன். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள், சென்னையில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதே என்று ஊரெல்லாம் சொன்னேன் என்றார். அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்ன பிறகும் எப்படி எடுத்தார்கள் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லையாம். எங்கே தப்பு நடந்தது என்று என்னிடமே கேட்டார், லைன் போனால் கேட்பதுபோல. கம்பெனிகள் அப்படித்தான் என்றேன். அந்தம்மா நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்கள் என்றார். நல்ல மாதிரிகளை நம்பக் கூடாது என்றேன்.

அவருக்கு என்னிடம் ஒரு உதவி வேண்டுமாம். நான் சொன்னதை வீட்டுக்காரியிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டு, உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள், கேட்க மாட்டேன் என்கிறாள் என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

கனியம்மாள் என்று பெயர் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“நீங்க வந்துச்சுன்னு சொன்னிய. நானுங் கேட்டேன். போன நாந்தான் புடிச்சிட்டிருந்தேன்.”

“ஆமாங்க. மூணு தடவை வந்துச்சு. நான் சொன்னேன்.”

“அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

லைன் சரியில்லை, விட்டு விட்டுக் கேட்கிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.